முகப்பும் முத்திரையும்: அரிய தமிழ் நூல்களின் பட்டியலாக்கத்தில் வெளியீட்டு விவரமும் முன்னுடைமையும்

ஆய்வுச்சுருக்கம்

நூலகப் பட்டியலில் ஒரு நூலின் வெளியீட்டு விவரம் (அச்சிட்ட இடம், அச்சுக்கூடம், வெளியிட்டவர், ஆண்டு) ஓரிடத்திலும், அந்நூலை முன்பு வைத்திருந்தோர் பற்றிய குறிப்பு வேறிடத்திலும் இடம்பெறுகின்றன. பின்னது பெரும்பாலும் இடம்பெறுவதே இல்லை. 19ஆம் நூற்றாண்டுத் தமிழ் நூல்களைப் பொறுத்தவரை இவ்விரண்டும் ஒன்றையொன்று தெளிவுபடுத்தும் சான்றுகள் என்பதையும், ஒன்றைக் கைவிடுவது மற்றதையும் பலவீனப்படுத்தும் என்பதையும் இக்கட்டுரை வாதிடுகிறது. முகப்பேரில் தொடங்கப்பட்ட ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தின் தோற்றச் சூழல் இவ்வாதத்திற்குக் களமாக அமைகிறது.

திறவுச்சொற்கள்: அரிய நூல், வெளியீட்டு விவரம், முன்னுடைமை, பட்டியலாக்க விதிகள், அச்சுப் பண்பாடு, ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம்

முன்னுரை

1994ஆம் ஆண்டு சிகாகோ பல்கலைக்கழகம் கோட்டையூர் ரோஜா முத்தையாவின் நூற்சேகரத்தை விலைக்கு வாங்கியது. வெளிநாட்டு நிறுவனமொன்று இந்தியத் தனியார் சேகரத்தை வாங்கினால் நூல்கள் கப்பலேறுவதே அதுவரையிலான வழக்கம். இங்கு அவ்வாறு நிகழவில்லை. சேகரம் தமிழ்நாட்டிலேயே வைக்கப்பட்டது. அம்பத்தூரை அடுத்து, வீட்டுமனைகளாக வளர்ந்துவந்த முகப்பேரில் ஆராய்ச்சி நூலகம் தொடங்கப்பட்டது. செட்டிநாட்டு வீடொன்றில் ஒருவரது நினைவாற்றலின் துணையோடு இயங்கிவந்த சேகரம், முகப்பேருக்கு வந்தபின் நுண்படச் சுருளுக்கும் பன்னாட்டுப் பட்டியல் விதிகளுக்கும் உட்பட்ட பொது நூலகமாக மாறியது. நூலகம் பின்னர்த் தரமணிக்குப் பெயர்ந்துவிட்டது. இருப்பினும், தமிழ் அச்சு நூல் வரலாற்றில் முகப்பேர் ஆண்டுகள் தனிக் கவனத்திற்குரியவை. தனி மனிதர் ஒருவரின் அலமாரி, பிறர் தேடக்கூடிய பட்டியலாக உருமாறிய காலம் அது.

அவ்வுருமாற்றத்தில் எது எஞ்சுகிறது, எது நழுவுகிறது என்னும் வினா ஒரு நூலகத்திற்கு மட்டும் உரியதன்று. டாக்டர் உ.வே.சாமிநாதையர் நூல்நிலையம் (1943), மறைமலையடிகள் நூல்நிலையம் (1958) ஆகியனவும் தனியொருவரின் உடைமையிலிருந்து கிளைத்தவையே. தமிழகத்தின் முதன்மையான அரிய நூல் தொகுதிகளுள் பல இத்தகைய பிறப்பினை உடையவை. ஆகவே முன்னுடைமை என்பது தமிழ்ச் சூழலில் ஓர் ஓரக்குறிப்பாகத் தள்ளத்தக்க செய்தியன்று.

முகப்புப் பக்கத்தில் நிற்போர்

இன்றைய நூலின் முகப்பில் ஆசிரியர், பதிப்பகம் ஆகிய இருவரையே காண்கிறோம். 19ஆம் நூற்றாண்டுத் தமிழ் நூலின் முகப்பில் ஒரு சிறு கூட்டமே நிற்கும். நூலை இயற்றியவர், ஏட்டுப் பிரதிகளை ஒப்புநோக்கிப் பரிசோதித்தவர், அச்சிடுமாறு கேட்டுக்கொண்டவர், பொருளுதவி செய்தவர், பார்வையிட்டவர், அச்சிற் பதிப்பித்தவர், அச்சுக்கூடத்திற்கு உரியவர் எனப் பலரும் அதில் பெயர் பெறுவர். சில வேளை ஒருவரே மூன்று பணிகளைச் செய்திருப்பார். சில வேளை ஒரே பணியை மூவர் பகிர்ந்திருப்பர். அடுத்த பக்கங்களில் வரும் சிறப்புப்பாயிரங்கள் இக்கூட்டத்தை மேலும் விரிக்கும். வெளியீட்டாளர் என்னும் ஒற்றைப் பாத்திரம் அக்காலத் தமிழ் அச்சுலகில் முழுமையாக உருவாகியிருக்கவில்லை. அப்பாத்திரத்தின் வேலைகள் புரவலர், புலவர், அச்சுக்கூடத்தார், முன்பணம் செலுத்திக் கையொப்பமிட்டோர் ஆகியோரிடையே சிதறிக் கிடந்தன. உ.வே.சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோதும் கையொப்பக்காரர்களை நம்பியே அச்சுச் செலவைத் திரட்ட வேண்டியிருந்தது.

இம்முகப்பைப் பட்டியலுக்குள் கொண்டுவரும்போது ஏற்படும் இழப்பு நுட்பமானது. ஆங்கிலோ-அமெரிக்கப் பட்டியல் விதிகளின் இரண்டாம் பதிப்பு, இடம், வெளியீட்டாளர், ஆண்டு ஆகிய மூன்றையும் வரிசைப்படுத்தித் தருமாறு கோருகிறது. வெளியீட்டாளர் தெரிந்த நிலையில் அச்சிட்டவரைக் குறிப்பது பட்டியலாளரின் விருப்பத்திற்கு விடப்படுகிறது. விதி மேலை நாட்டுப் பிற்கால நூல் வணிகத்தை மனத்தில் கொண்டு எழுதப்பட்டது. அங்கு வெளியீட்டாளரே முதன்மையானவர். அச்சகம் கூலிக்கு வேலை செய்வது. தமிழில் நிலைமை பெரும்பாலும் தலைகீழானது. ஒரு நூலின் காலத்தையும், அது சென்றடைந்த வட்டத்தையும், சமயச் சார்பையும் பல நேரங்களில் அச்சுக்கூடத்தின் பெயரே காட்டிக்கொடுக்கும். அதனை விருப்பத்திற்கு உரியதென ஒதுக்குவது, கல்வெட்டைப் படித்துவிட்டு ஊர்ப்பெயரை மட்டும் விட்டுவிடுவதற்கு ஒப்பாகும்.

இடமும் அச்சுக்கூடமும் இணைந்தே பதிவாக வேண்டும் என்பதற்கு ஆறுமுக நாவலரின் வித்தியாநுபாலன யந்திரசாலை நல்ல சான்று. 1849இல் யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையில் நிறுவப்பட்ட அச்சுக்கூடம் அது. பின்னர்ச் சென்னைத் தங்கசாலைத் தெருவிலும் அதே பெயரில் ஓர் அச்சுக்கூடம் இயங்கியது. இடத்தை விடுத்து அச்சுக்கூடத்தை மட்டும் குறித்தால் நூல் கடலின் எக்கரையில் அச்சானது என்பது தெரியாது. அச்சுக்கூடத்தை விடுத்துச் சென்னை என்று மட்டும் குறித்தால், நாவலர் மரபின் பதிப்பு ஏனைய சென்னைப் பதிப்புகளோடு கலந்து மறைந்துவிடும். இடப்பெயரிலும் சிக்கல் உண்டு. சென்னபட்டணம், சென்னப்பட்டணம், சென்னபுரி, சென்னை, மதராஸ் எனப் பலவாறாக அச்சானதைப் பட்டியலாளர் ஒரே வடிவமாகத் திருத்திவிட்டால் தேடல் எளிதாகும்; அச்சானபடி இருந்த வடிவம் அழியும். நூலில் உள்ளவாறே பெயர்த்தெழுதி, ஒழுங்குபடுத்திய வடிவத்தைத் தனிப் புலத்தில் தருவதே இரண்டையும் காக்கும் வழி. அரிய நூல்களுக்கென 2007இல் வெளிவந்த பட்டியலாக்க நெறி (டிசிஆர்எம்-பி) இதனையே வலியுறுத்துகிறது. முகப்பில் உள்ள அச்சிட்டோரையும் வெளியிட்டோரையும் அது ஒரே நிலையில் வைத்து நோக்குகிறது.

வியப்பிற்குரியது என்னவெனில், பட்டியல் விதிகள் தயங்கிய இடத்தில் காலனிய அரசின் சட்டம் தெளிவாக இருந்தது என்பதே. 1867ஆம் ஆண்டின் அச்சகம் மற்றும் நூற்பதிவுச் சட்டம், ஒவ்வொரு நூலிலும் அச்சிட்டவர் பெயரும் அச்சிட்ட இடமும், வெளியிட்டவர் பெயரும் வெளியிட்ட இடமும் இருக்க வேண்டுமென விதித்தது. நூற்பதிவில் படிகளின் எண்ணிக்கை, விலை, பதிப்புரிமையாளரின் பெயர், அவரது இருப்பிடம் ஆகியவையும் கோரப்பட்டன. கண்காணிப்பு நோக்கம் கொண்ட அச்சட்டம், ஆய்வாளருக்குத் தேவையான வேறுபாடுகளைத் தன்னையறியாமல் பேணித் தந்தது. மயிலை சீனி. வேங்கடசாமியின் ‘பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழ் இலக்கியம்’ (1962) முதலாக அண்மைக்கால அச்சுப் பண்பாட்டு ஆய்வுகள் வரை, அக்கால நூல்களைப் பேசுவோர் எவரும் இத்தகைய விவரங்களின்றி ஓர் அடியும் நகர்ந்ததில்லை. அச்சட்டத்திற்கு ஈராண்டுகள் முன்னர், 1865இல், ஜான் மர்டாக் வெளியிட்ட தமிழ் அச்சு நூல்களின் வகைப்படுத்திய பட்டியல் தமிழ் அச்சு வரலாற்றையே முன்னுரையாகக் கொண்டிருந்தது. பட்டியல் என்பது அச்சு வரலாற்றின் ஒரு பகுதி என்னும் உணர்வு தொடக்கத்திலேயே இருந்தது என்பதற்கு இதுவே சான்று.

பிலவ வருஷத்து நூல்

இனி ஆண்டினை நோக்கலாம். பழைய தமிழ் நூல்கள் பலவற்றில் ஆண்டு தமிழ் எண்களில் (1867 எனில் ௲௮௱௬௰௭) இருக்கும். அல்லது கலியாண்டு, சாலிவாகன சகாப்தம் ஆகியவற்றில் இருக்கும். அல்லது அறுபது ஆண்டுச் சுழற்சியின் பெயர் மட்டுமே இருக்கும். முதலிரண்டும் கணக்கிட்டுத் தீர்க்கக் கூடியவை. மூன்றாவதே இடர்ப்பாடு தருவது.

எடுத்துக்காட்டாக, முகப்பில் ‘பிலவ வருஷம் தை மாதம்’ என்று மட்டும் உள்ள ஒரு நூலை எண்ணிப் பார்க்கலாம். பிலவ ஆண்டு 1841-42இலும் 1901-02இலும் வந்தது. தை மாதம் சனவரி நடுவில் தொடங்குவதால், நூல் 1842இலோ 1902இலோ அச்சாகியிருக்க வேண்டும். இடையே அறுபது ஆண்டு. முன்னது எனில், 1835இல் அச்சுக்கூடக் கட்டுப்பாடுகள் தளர்ந்தபின் இந்நாட்டார் நடத்திய தொடக்ககால அச்சுக்கூடங்களின் நூல். பின்னது எனில், பாரதி காலத்து நூல். பட்டியலாளர் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும், அல்லது இரண்டையும் ஐயக்குறியோடு தர வேண்டும். நூலின் உட்பொருள் பெரும்பாலும் உதவாது. பழைய புராணமும் நீதிநூலும் இரு காலத்திலும் அச்சாயின. அச்சுக்கூடத்தின் பெயர் உதவலாம். பதிவு செய்யப்பட்ட உரிமை என்னும் குறிப்பு இருப்பின் 1867க்குப் பிந்தியது எனக் கொள்ள இடமுண்டு. இவையெல்லாம் இல்லாத இடத்தில், உள்ளட்டையில் ஒருவர் மையால் எழுதிய கையொப்பமும் ஆங்கிலத் தேதியும் தீர்ப்புச் சொல்லும். ‘இஃது இன்னார் புத்தகம்’ என்றெழுதி 1880ஆம் ஆண்டைக் குறித்திருந்தால் நூல் 1842க்குரியது என்பதில் ஐயமில்லை.

உடைமைக் குறிப்பை வெறும் கறை என்று கருதி, மேலட்டையை மாற்றிப் புதுக்கட்டுப் போட்ட நூலகம் இங்கு இழந்தது ஒரு வாசகரின் பெயரை மட்டுமன்று. நூலின் ஆண்டையும் சேர்த்தே இழந்தது. வெளியீட்டு விவரம் எல்லாப் படிகளுக்கும் பொதுவானது, முன்னுடைமை ஒரு படிக்கு மட்டும் உரியது என்னும் நூலகவியல் பாகுபாடு கோட்பாட்டளவில் சரியே. ஆனால் எஞ்சியிருப்பதே ஒரு படியாக உள்ளபோது அப்பாகுபாடு பொருளற்றுப் போகிறது. தமிழ் அச்சு நூல்களுள், குறிப்பாகச் சிறு பாடற்புத்தகங்களிலும் குஜிலி வெளியீடுகளிலும், இந்நிலை அரிதன்று.

ரங்கநாதன் விட்ட இடம்

தமிழகத்து நூலகப் பட்டியல்களில் வெளியீட்டு விவரம் மெலிந்து காணப்படுவதற்கு மற்றொரு காரணமும் கூறப்பட வேண்டும். சீர்காழி இரா. அரங்கநாதன் (எஸ்.ஆர். ரங்கநாதன்) 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் பொறுப்பேற்றார். 1934இல் அவர் வெளியிட்ட வகுப்பு முறைப் பட்டியல் விதிகள், முதன்மைப் பதிவில் வெளியீட்டு விவரத்திற்கும் பக்க அளவு விவரத்திற்கும் இடமளிக்கவில்லை. அழைப்பு எண், தலைப்பாசிரியர் பெயர், நூற்பெயர், குறிப்பு, சேர்க்கை எண் என்பனவே அப்பதிவின் கூறுகள். ஆண்டு மட்டும் நூல் எண்ணுக்குள் குறியீடாக மறைந்து நிற்கும்.

அவரது தருக்கம் எளியது. திறந்த அலமாரி முறையில் வாசகர் நூலையே கையில் எடுத்துப் பார்க்கலாம். அவ்வாறிருக்க, முகப்பில் உள்ளதைப் பதிவட்டையில் மீண்டும் எழுதுவது நேரத்தையும் உழைப்பையும் வீணாக்குவது. நடமாடும் நூல்களைக் கொண்ட பொது நூலகத்திற்கு இது முற்றிலும் பொருந்தும். வாசகரை முதன்மைப்படுத்திய அறிஞரிடமிருந்து வேறெதனையும் எதிர்பார்க்க இயலாது. அரிய நூலோ திறந்த அலமாரியில் இருப்பதில்லை. பூட்டிய அறையில், அமிலம் ஏறிய தாளோடு, எடுத்தால் உதிரும் நிலையில் இருக்கும் நூலுக்குப் பட்டியலே முகப்பு. ரங்கநாதனின் விதி தவறன்று. அவ்விதி எழுதப்பட்ட சூழலை மறந்து அதன் சிக்கனத்தை மட்டும் பழக்கமாக்கிக்கொண்டதே தவறு. தமிழகக் கல்லூரிகள் பலவற்றில், 100 ஆண்டு பழைமையான நூலும் சென்ற ஆண்டு வாங்கிய பாடநூலும் ஒரே அச்சில் வார்த்த பதிவுகளைப் பெறுவது இன்றும் காணக்கூடியது.

இறுதி உடைமையாளரின் நிழல்

தனியார் சேகரம் நூலகமாகும்போது எழும் சிக்கல் வேறு வகையானது. சேகரிப்பாளரின் பெயர் நூலகத்தின் பெயராகிறது. அவர் பெயரிலான முத்திரை எல்லா நூல்களிலும் இடம்பெறுகிறது. பட்டியலிலும் முன்னுடைமையாளராக அவரே நிற்கிறார். சேகரிப்பாளருக்கு இது உரிய சிறப்பே. விளம்பரப் பலகை ஓவியராக இருந்து, வாழ்நாள் முழுவதும் நூல்களும் இதழ்களும் நாடக அறிவிப்புகளும் அழைப்பிதழ்களும் தேடிச் சேர்த்த ரோஜா முத்தையா 1992இல் மறைந்தபோது, அவர் விட்டுச்சென்றதற்கு ஈடான தனியார் தமிழ்ச் சேகரம் வேறொன்றைச் சுட்டுவது கடினம். ஆயினும் சேகரிப்பாளர் எவரும் நூல்களைப் பிறப்பித்தவரல்லர். ஒவ்வொரு நூலும் அவரிடம் வருமுன் வேறு கைகளில் இருந்தது. பழைய புத்தகக் கடை, நொடித்துப்போன குடும்பம், கலைந்த மன்றம், மூடிய பள்ளி என வந்த வழிகள் பல. இறுதி உடைமையாளரின் பெயர் எவ்வளவு ஒளி பெறுகிறதோ, அவ்வளவுக்கு அவருக்கு முந்தியோர் நிழலில் மறைகின்றனர்.

அம்முந்தியோரே வாசிப்பு வரலாற்றின் மாந்தர். நூலை இயற்றியவரையும் அச்சிட்டவரையும் அறிய முகப்பு போதும். யார் படித்தார் என்பதை அறிய முகப்பில் வழியில்லை. கிறித்தவப் பள்ளியின் பரிசுச் சீட்டு, சைவ சபையின் ரப்பர் முத்திரை, மலாயாவிலோ கொழும்பிலோ இருந்த கடையின் ஒட்டுச்சீட்டு, ஓர விளிம்பில் பென்சிலால் எழுதிய பொருள் விளக்கம் ஆகியவையே அதற்குச் சான்றுகள். பெண்கள் வாசித்தனரா, எதை வாசித்தனர் என்பது தமிழ் அச்சு வரலாற்றில் இன்னும் ஊகத்தாலேயே பெரிதும் நிரப்பப்படும் பகுதி. பாடற்புத்தகத்தின் பின்னட்டையில் தெளிவற்ற எழுத்தில் ஒரு பெண் தன் பெயரைத் தனியே எழுதியிருந்தால், அப்பெயரோடு வேறெந்த விவரமும் கிடைக்காவிடினும் அது ஊகத்தைவிட வலிமையுடையது. ஆனால் பட்டியல் விதிப்படி முழுப்பெயர் தெரியாத ஒருவருக்குத் தலைப்புப் பதிவு உருவாக்குவது எளிதன்று. எனவே அப்பெயர் குறிக்கப்படாமலே விடப்படுவதற்கு வாய்ப்பு மிகுதி.

சேகரிப்பாளரின் கைவேலையும் இவ்வாறே நழுவக்கூடியது. சிறு வெளியீடுகளைப் பத்து, பன்னிரண்டாகச் சேர்த்து ஒரே கட்டாகக் கட்டுவது தமிழ்ச் சேகரிப்பாளரிடையே பரவலான பழக்கம். கொலைச்சிந்து ஒன்று, ரயில் விபத்துப் பாடல் ஒன்று, முருகன் பதிகம் ஒன்று என அடுத்தடுத்து நிற்கும் அக்கட்டின் வரிசையே ஒரு வாசகரின் உலகம். பாதுகாப்புக் கருதி கட்டைப் பிரித்துத் தனித்தனி உறைகளில் இடும்போது தாள் பிழைக்கும், வரிசை அழியும். பிரிக்குமுன் வரிசையைக் குறித்துவைத்து, ஒவ்வொரு பதிவிலும் உடன்கட்டப்பட்ட நூல்களைச் சுட்டினால் போதுமானது. நுண்படமாக்கமும் மின்வருடலும் இதே எச்சரிக்கையைக் கோருகின்றன. கறுப்பு-வெள்ளைச் சுருளில் ஊதா மையும் பழுப்புக் கறையும் ஒன்றாகத் தெரியும். நூலின் உரைப்பகுதி மட்டும் போதுமெனக் கருதி உள்ளட்டைகளை விட்டுவிட்டு வருடும் இடங்களில், முத்திரைகள் மின்படியில் ஏறுவதே இல்லை.

செய்யத்தக்கது

இவற்றிற்கு எதிராக நூலகர்கள் கூறும் தடை நியாயமானது. ஆளில்லை, நேரமில்லை, நிதியில்லை. ஒரு கையொப்பத்தை வாசித்து ஆளை அடையாளம் காண ஒரு நாள் ஆகலாம். அதற்குள் முப்பது நூல்களுக்குப் பதிவு எழுதிவிடலாம். டேவிட் பியர்சனின் உடைமை வரலாற்று ஆய்வுக் கையேடு (1994) போன்றவை பல நூற்றாண்டு நூலக மரபும் அச்சான கையொப்பத் தொகுதிகளும் கொண்ட பிரிட்டனை முன்வைத்து எழுதப்பட்டவை. தமிழில் அத்துணைக் கருவிகள் இல்லை. பெயரே இங்குத் தனிச்சிக்கல். தலைப்பெழுத்தும் ஊரும் சாதிப்பட்டமும் தொழிற்பெயரும் கலந்த தமிழ்ப் பெயர்களுள் இரு முத்துசாமிப் பிள்ளைகளை வேறுபடுத்துவது எளிய வேலையன்று.

ஆயினும் இத்தடை, அடையாளம் காண்பதற்கே பொருந்தும். பதிவு செய்வதற்குப் பொருந்தாது. நூலகர் ஆளைக் கண்டறிய வேண்டியதில்லை. உள்ளதை உள்ளவாறே படியெழுதினால் போதும். மார்க் வடிவத்தின் 561ஆம் புலம் இதற்கெனவே உள்ளது. அதில் ‘உள்ளட்டையில் மையால் எழுதிய பெயர், தேதி, ஊர், படிக்க இயலாத ஒரு சொல்’ என்ற அளவில் எழுதுவதற்குச் சில நிமிடங்களே ஆகும். பின்னாளில் ஆய்வாளர் ஒருவர் ஆளை உறுதிப்படுத்தினால் 700ஆம் புலத்தில் முன்னுடைமையாளர் என்ற உறவுக் குறியோடு பெயரைச் சேர்க்கலாம். அச்சிட்டவரையும் வெளியிட்டவரையும் வெவ்வேறாகக் காட்ட 264ஆம் புலத்தின் இரண்டாம் குறியீட்டெண் வழி செய்கிறது: வெளியிட்டவருக்கு 1, அச்சிட்டவருக்கு 3. பொருளுதவி செய்தோரையும் பரிசோதித்தோரையும் குறிப்புப் புலத்தில் முகப்பின் சொற்களிலேயே தரலாம். கருவிகள் இல்லை என்று கூறுவதற்கு இடமில்லை. அவை நிரப்பப்படாமல் கிடக்கின்றன.

பேசத் தயங்கும் ஒரு காரணமும் இதில் உண்டு. தனியார் சேகரங்களில் பிற நூலகங்களின் முத்திரை பெற்ற நூல்கள் இருக்கக்கூடும். கழிக்கப்பட்டது என்னும் குறிப்பு இருந்தால் நன்று. இல்லையெனில் நூல் எவ்வாறு வெளியேறியது என்னும் வினா எழும். அவ்வினாவைத் தவிர்க்க முன்னுடைமையைப் பதியாமல் விடுவது நூலகத்திற்கு வசதியானது, ஆய்விற்குப் பெருங்கேடு. கலைந்துபோன நூலகமொன்றில் என்னென்ன இருந்தன என்பதை மீட்டமைக்க, சிதறிய முத்திரைகளைத் தவிர வேறு வழி பெரும்பாலும் இருப்பதில்லை.

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி போன்ற புறநகர்களில் இச்சிக்கல் அரிய நூலகங்களுக்கு வெளியேயும் நாள்தோறும் நிகழ்கிறது. தொழிற்சாலைப் பணியில் ஓய்வு பெற்றோரும் தமிழாசிரியர்களும் வாழ்நாளில் சேர்த்த நூல்கள், அவர்களது மறைவிற்குப் பின் பழைய தாள் கடைக்கோ, நன்கொடையாகக் கிளை நூலகத்திற்கோ, உள்ளூர்க் கல்லூரிக்கோ செல்கின்றன. இவற்றுள் 1930களின் திராவிட இயக்கச் சிறுவெளியீடும் மறுபதிப்புக் காணாத நாடகப் பிரதியும் இருப்பதற்கு வாய்ப்புண்டு. நன்கொடையைப் பெறும் நூலகத்தின் சேர்க்கைப் பதிவேட்டில் ‘பெறப்பட்ட வழி’ என்றொரு பத்தி உண்டு. கொடுத்தவர் பெயர் அதில் கையால் எழுதப்படும். அப்பதிவேட்டிலிருந்து கணினிக்கு விவரங்களை ஏற்றும்போது நூற்பெயர், ஆசிரியர், விலை ஆகியன ஏறுகின்றன. பெறப்பட்ட வழி என்னும் பத்திக்கு இணையான 541ஆம் புலமும் மென்பொருளில் உள்ளது. தரவேற்றுவோருக்குத் தரப்படும் படிவத்தில் அதையும் ஒரு பத்தியாகச் சேர்ப்பதற்குத் தனி நிதி தேவையில்லை. கணினிக்கு மாற்றியபின் பழைய பதிவேட்டைக் கழிக்காமல் வைத்திருப்பதற்கும் தேவையில்லை.